பூலாம்பட்டியில் படகு மிதப்பது எப்படி?

ஜலகண்டாபுரம் என்ற பெயரிலேயே 'ஜலம்' இருக்கிறது. ஆனால் காவிரி அந்த ஊரைத் தொட்டுச் செல்வதில்லை! ஆற்றைக் காண எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்குப் போகவேண்டும். அங்கே படகுத்துறையில் நின்றால், பெரிய ஏரியைப் போல் பரந்த நீர்ப்பரப்பு தெரியும். எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. இரு கரைக்கும் இடையே விசைப்படகுகள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. பள்ளி மாணவர்களும் அவற்றில் போய்வருகிறார்கள்.

மேட்டூருக்குக் கீழே காவிரி பாறைகள் நிறைந்த ஆறு. அணையிலிருந்து குறைவாக நீர் விடும் நாட்களில் அது பாறை இடுக்குகளில்தான் ஓடவேண்டும். பின் படகு எப்படி மிதக்கிறது? துறைக்குக் கீழே ஆற்றின் குறுக்கே உள்ள கதவணைதான் காரணம்.

ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான சுவரின் மேல் நீர் வழிந்து சென்றால் அது அணைக்கட்டு. அதிலேயே ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகளை அமைத்தால் கதவணை. கதவுகள் இறங்கியதும் மேற்புறத்தில் நீர்மட்டம் உயர்கிறது. இவ்வாறு பின்னோக்கி ஏறி நிற்கும் நீரையே பின்னீர் என்கிறோம்.

பின்னீர் தேங்கி நிற்கும் நீரன்று. அகலம் 300 மீட்டர், ஆழம் 1 மீட்டர், வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 300 கன மீட்டர், அதாவது சுமார் 10,600 கன அடி நீர் செல்லும். ஆழம் 5 மீட்டரானால், அதே நீர் செல்ல வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகமே போதும். ஆழமும் கூடிற்று, இழுப்பும் குறைந்தது. படகோட்டிக்கு வேறென்ன வேண்டும்?

பின்னீர் எவ்வளவு தூரம் எட்டும்? ஆற்றுப்படுகை கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிந்து, நீர்மட்டமும் 6 மீட்டர் உயர்ந்தால், 6 கிலோமீட்டர் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் நீர்ப்பரப்பு தொட்டித் தண்ணீர்போல் மட்டமாக இராது. மெல்ல வளைந்து, அதற்கும் அப்பால் சென்றே ஆற்றின் இயல்பான மட்டத்துடன் கலக்கும். வயல் வாய்க்காலில் ஒரு பலகையைக் குறுக்கே செருகி, மேலே தூரத்தில் வைக்கோல் துண்டுகளை விட்டுப் பாருங்கள். விரைந்து வருபவை பலகையை நெருங்க நெருங்கத் தயங்கும்.

மேட்டூருக்கும் பவானிக்கும் இடையே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என நான்கு மின் கதவணைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் மின்னாக்கிகள் இரண்டு. கதவணையை இன்னும் உயர்த்தினால் மின்சாரம் கூடுமே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். டர்பைனைச் சுழற்றுவது மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. கீழ்க் கதவணையின் பின்னீர் மேல் கதவணையின் அடிவரை ஏறிவிட்டால், அங்கே அந்த வேறுபாடு குறையும். கீழே பெற்றதை மேலே இழப்போம். கரையோர வயல்களும் மூழ்கும். ஒரே உயரமான அணைக்குப் பதில் ஆற்றைப் படிப்படியாக அமைத்தது இதனால்தான்.

பூலாம்பட்டிப் படகு இரு காரணங்களால் நிற்கும். மேட்டூரிலிருந்து பெருவெள்ளம் விடும்போது கதவுகளைத் தூக்கிவிடுவார்கள். இழுப்பு படகுக்கு அடங்காது. பராமரிப்புக்காக நீரை வடிக்கும்போதோ பாறைகள் தலைநீட்டும். இரண்டிலும் எதிர்க்கரைக்குச் சாலை வழியே சுற்றித்தான் போகவேண்டும். நீர் வடிந்த நாளில் துறைக்குச் சென்றால், நேற்றுவரை படகு மிதந்த ஆழம் எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.