கறிக்கோழி நலமா? செஞ்சிப் பண்ணையாளருக்கு ஒரு வழிகாட்டி

கொட்டகைச் சுவரில் தொங்கும் அட்டையில் தின்ற தீவனம், ஏறிய எடை, செத்த கோழி என்ற கணக்குகள் இருக்கும். கம்பெனி தரும் வளர்ப்புக் கூலியும் இவற்றைப் பொறுத்ததுதான். உயிரோடிருக்கும் கோழி வலியில்லாமல் நிற்கிறதா, திணறாமல் மூச்சு விடுகிறதா என்று எழுத அதில் கட்டமே இல்லை. செஞ்சி, ஆலம்பூண்டி, மேல்மலையனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே எடுக்கலாம். ஒரு நோட்டும் ஓர் அட்டைத் தடுப்பும் போதும். மூன்றாம் வாரம் ஒருமுறை, ஐந்தாம் வாரம் ஒருமுறை பாருங்கள். முதல் கணக்கு இந்த பேட்சைத் திருத்த உதவும், இரண்டாவது அடுத்த பேட்சுக்கு.

விடியற்காலையில் தொடங்குங்கள். வெயில் ஏறிய பிறகு கோழியைக் கையில் எடுத்தால் அந்த அதிர்ச்சியிலேயே சில சாகும். வேறு பண்ணைக்குப் போய்வந்த செருப்போடும் துணியோடும் உள்ளே நுழையாதீர்கள்.

உள்ளே போனதும் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கோழிகள் எங்கும் பரவலாக இருக்கின்றனவா, ஓரிடத்தை விட்டு ஒதுங்கியிருக்கின்றனவா? அவை விட்டு ஒதுங்கிய இடத்தில் கூரை ஒழுகும், அல்லது காற்று அடைபட்டிருக்கும். அடுத்து, கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். நாளெல்லாம் கொட்டகையில் இருப்பவருக்கு அமோனியா நெடி பழகிப்போய்த் தெரியாது. அதனால் வெளியாள் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். அவருக்குக் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது.

நெடிக்குக் காரணம் கூளம். உமியோ கடலைத்தோலோ நார்த்தூளோ, தண்ணீர் நிப்பிள் வரிசைக்கு அடியில் ஒரு பிடி, சுவரோரம் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை பேட்சுகளில் இதைத் தவறவே விடாதீர்கள். ஈரக் கட்டியைக் கிளறிவிட்டால் மட்டும் போதாது. அதை அள்ளி வெளியேற்றிப் புதுக் கூளம் போட்டு, ஒழுகும் நிப்பிளையும் மாற்றுங்கள்.

இனி கால்கள். என்னைக் கேட்டால், நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கச் சொல்வேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் 1957 இனம் 905 கிராம் இருந்தது, 2005 இனம் 4,202 கிராம். அந்த எடையைச் சுமப்பவை சில வார வயதுள்ள எலும்புகள்.

கொட்டகையின் பத்து இடங்களில், இடத்துக்குப் பத்துக் கோழியாக நூறு பாருங்கள். தீவனத் தட்டருகே மட்டும் எடுத்தால் நல்லவைதான் கையில் சிக்கும், சுவரோரமும் மூலையும் கட்டாயம் வேண்டும். அட்டைத் தடுப்பால் பத்தைச் சுற்றி வளைத்து, ஒவ்வொன்றாக நடக்க விடுங்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1992-ல் வகுத்த நடை மதிப்பெண் 0 முதல் 5 வரை போகும். 0 என்றால் குறையற்ற நடை, 3 என்றால் கண்ணுக்குத் தெரியும் நொண்டல், 5 என்றால் நடக்கவே முடியாது. 3-ம் அதற்கு மேலும் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு திருப்பிப் பிடித்து, பாதத்தில் கருத்த புண்ணும் கால் வளையும் மூட்டில் பழுப்புத் தழும்பும் உண்டா என்று பாருங்கள். இரண்டும் ஈரக் கூளம் சுட்ட அடையாளம்.

நொண்டும் கோழிக்கு வலிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அதே பிரிஸ்டலில் 2000-ல் வெளியான ஆய்வில், வலிமருந்து கலந்த தீவனமும் கலக்காததும் வைத்தபோது, நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தைக் கூடுதலாகத் தின்றன. நொண்டல் கூடக்கூட அதைத் தின்ற அளவும் கூடியது. ஆகவே தண்ணீருக்கே போக முடியாத கோழியை "தானா சாகட்டும்" என்று மூலையில் விடுவது கொடுமை. பழகியவர் ஒருவரைக் கொண்டு உடனே வலியின்றி முடித்து, அதைச் செத்த கணக்கில் சேர்க்காமல் கழித்த கணக்கில் தனியாக எழுதுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடி போங்கள், இம்முறை தொடாமல் பார்க்க மட்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து இறைப்பதுதான் அதன் முக்கிய வழி. கண்ணில் படும் நூறில் எத்தனை இறைக்கின்றன, எத்தனை இறக்கையை விரித்துக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். வரிசையின் கடைசி நிப்பிளைத் தட்டித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். கூரைமேல் கறுப்புத் தொட்டியும் வெயிலில் போகும் குழாயும் இருந்தால் அது சுடும், சுடுநீரைக் கோழி குடிக்காது. தொட்டிக்கு நிழலும் குழாய்க்கு ஈரச் சாக்கும் அன்றே செய்யக்கூடிய வேலைகள். கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கே தீவனத் தட்டைக் கோழிக்கு எட்டாமல் உயர்த்திவிடுங்கள். நம் ஊரில் ராஜகிரி, கிருஷ்ணகிரி போன்ற பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விடுகின்றன. அதனால் இரவு ஒன்பதுக்கும் ஒருமுறை எண்ணுங்கள். அப்போதும் இறைத்தால் கொட்டகையில் கூட்டம் அதிகமாக இருக்கலாம்.

கடைசியாக, பிடிக்கும் இரவு. காலைப் பிடித்துக் கொத்தாகத் தூக்கிக் கூடையில் எறியும்போது இறக்கை முறியும். முறிந்தவற்றை எண்ணுங்கள், பிடிப்பவர்களின் கண்ணெதிரிலேயே எண்ணுங்கள்.

இந்த நோட்டைக் கம்பெனி சூப்பர்வைசரிடமும் அரசு கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். சித்திரை பேட்சுக்குக் குஞ்சு குறைத்து இறக்கச் சொல்லி அதை வைத்தே கேளுங்கள்.