றெக்கோட் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையெங்கும் இளையவர்கள் சிலர் பழைய இசைத்தட்டுகளைத் தேடத் தொடங்கியிருப்பது மனதுக்கு நிறைவைத் தருகிறது. மூத்தாப்பாவின் அலுமாரியில் கிடந்த பாடகர் நாகூர் ஹனிபாவின் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது முதல் பதிப்பா, பிந்தியதா?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே பாட்டு பல முறை, பல வடிவத்தில் அச்சாகியிருக்கிறது. எது எப்போது வந்தது என்று பிரித்தறியத் தெரிந்தால்தான் சேர்ப்பதற்கு அர்த்தம் உண்டு. எனக்குத் தெரிந்த வழிமுறைகளை இங்கே வரிசையாக எழுதித் தருகிறேன்.

1. தட்டு எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

பத்து அங்குல அகலம், நல்ல பாரம், தட்டினால் கணீரென்ற சத்தம், விழுந்தால் உடையும் தன்மை. இவை இருந்தால் அது அரக்கில் செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். அதனால்தான் நீளமான பாட்டுகளை 'பாகம் 1', 'பாகம் 2' என்று இரண்டு பக்கத்துக்கும் பிரித்துப் போட்டார்கள். ஏழு அங்குலம், இலேசு, வளைந்துகொடுக்கும் என்றால் அது வினைலில் செய்த 45 சுற்றுத் தட்டு. பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு 33⅓ சுற்றில் ஓடும். நெடுந்தட்டு அமெரிக்காவில் 1948-இலும், 45 சுற்றுத் தட்டு 1949-இலும் வந்தன.

ஆனால் 78 என்றவுடன் அந்த ஆண்டுகளுக்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு 1960-களிலும் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூடக் கல்கத்தாவின் டம்டம் ஆலையில் 78 சுற்றில் அச்சாகின. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடித் திரிகிறார்கள். வகை வேறு, வயது வேறு.

2. லேபலைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

நாய் படம் போட்டது எச்.எம்.வி., இசைக்குறி போட்டது கொலம்பியா. இரண்டும் போட்டிக் கம்பெனிகள் என்று பலர் நினைக்கிறார்கள். 1931-இல் இங்கிலாந்தில் இரண்டும் ஈ.எம்.ஐ. என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. இந்தியாவில் இரண்டுமே டம்டம்மில்தான் அச்சாகின. 78 சுற்றில் எச்.எம்.வி.க்கு 'என்', கொலம்பியாவுக்கு 'ஜீ.ஈ.', மலிவு விலை 'ட்வின்' தட்டுக்கு 'எஃப்.ரி.' என்ற எழுத்துகள் எண்ணுக்கு முன்னால் வரும். நெடுந்தட்டில் 'ஈ.சி.எல்.பி.' என்றால் மோனோ, 'ஈ.சி.எஸ்.டி.' என்றால் ஸ்டீரியோ.

லேபலின் நிறம், எழுத்தின் வடிவம், ஓரத்தில் கம்பெனியின் பெயர் எழுதப்பட்டிருக்கும் முறை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை காலத்துக்குக் காலம் மாறியவை. 'சரிகம' என்ற கம்பெனிப் பெயரைக் கண்டால் அது 2000-க்குப் பிந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

3. நடுவில் உள்ள வெற்று வளையத்தைப் படிக்கப் பழகுங்கள்.

இந்த அறிவுரைகளில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பாட்டுக் கோடுகள் முடியும் இடத்துக்கும் லேபலுக்கும் நடுவில் பளபளப்பான ஒரு வளையம் இருக்கும். ஊசி அங்கே வந்தால் பாட்டு முடிந்துவிடும். அந்த வளையத்தில் சில எழுத்துகளும் எண்களும் பதிந்திருக்கும். சில கையால் கீறியவை, சில அச்சுக் குத்தியவை.

நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டை மேசையில் மெல்லிய துணிமேல் வைத்து, டோர்ச்சைத் தட்டின் மட்டத்துக்கே தாழ்த்திச் சாய்வாக வெளிச்சம் விடுங்கள். தட்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போங்கள். ஒரு கோணத்தில் எழுத்து நிழலோடு எழும்பி வரும். உடனே போனில் படம் எடுங்கள், கொப்பியிலும் எழுதுங்கள். புள்ளி, கோடு, தலைகீழ் எழுத்து எதையும் விடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பழைய அச்சில் வந்த தட்டுகளும் உண்டு.

லேபலில் பெரிதாக இருக்கும் எண் கடைக்காரனுக்கானது. வளையத்தில் இருப்பது ஆலையின் எண். தட்டின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அதுதான்.

4. தட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டை முதலில் மென்மையான தட்டில் வெட்டுவார்கள். அதன்மேல் உலோகம் படியவைத்து ஓர் எதிர்வடிவம் எடுப்பார்கள். அதிலிருந்து தாய்த் தட்டு, தாய்த் தட்டிலிருந்து அச்சு. அச்சில்தான் நம் கைக்கு வரும் தட்டுகள் அழுத்தப்படுகின்றன. அச்சு தேய்ந்தால் தாயிலிருந்து வேறு அச்சு எடுப்பார்கள். முதலில் வெட்டியதே கெட்டுவிட்டால் மறுபடி வெட்டுவார்கள். ஆலை எண்ணின் கடைசியில் ஒரு கோடு போட்டு 1, 2 என்று வருவது எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்லும்.

இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. அச்சிட்ட தட்டு கையில் கிடைத்தால் இன்னொரு சாவியும் உண்டு. ஆலை எண் உங்களுக்கு நேர் கீழே வரும்படி தட்டைப் பிடியுங்கள். இடது பக்கம் இருக்கும் சிறிய எண் தாய்த் தட்டின் எண். வலது பக்கம் இருக்கும் எழுத்து அச்சின் எண். ஜீ 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பீ 6, எச் 7, எல் 8, ரி 9, டி 0. இடது பக்கம் 1, வலது பக்கம் 'ஜீ' மட்டும் என்றால் முதல் தாயின் முதல் அச்சில் வந்த தட்டு. இந்தக் கணக்கை இங்கிலாந்துத் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டம்டம் தட்டில் இதைத் திணிக்க வேண்டாம்.

5. எண் ஒன்றாக இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

பீட்டில்ஸின் முதல் தட்டு 1962 ஒக்டோபரில் 'ஆர் 4949' என்ற எண்ணோடு சிவப்பு லேபலில் வந்தது. அதன் முதல் பக்கத்துப் பாட்டில் மேளம் அடித்தவர் ரிங்கோ ஸ்டார். பிறகு அதே எண்ணில் கறுப்பு லேபலில் வந்தபோது, அன்டி வைட் என்ற வேறொரு கலைஞர் மேளம் அடித்த பதிவைப் போட்டுவிட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்தவனுக்கு இது தெரியவே தெரியாது.

நம் பாட்டுகளிலும் இதே கவனம் வேண்டும். 78-இல் வந்த பாட்டு பின்னாளில் 45-இல் வந்தால், அது பழைய பதிவின் மறு அச்சா, பாடகர் மறுபடி பாடியதா என்று கேளுங்கள். தொடக்க இசை எத்தனை வினாடி, ஆர்மோனியம் எங்கே ஏறுகிறது, கோரஸ் எத்தனை தடவை என்று குறித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். காது சொல்வதைக் கண்ணால் பார்த்தது மறுத்தால், இரண்டையும் மறுபடி சரிபாருங்கள்.

6. உறையைக் கடைசியாக நம்புங்கள்.

உறை மாறும், கிழியும், வேறு தட்டுக்குள் போகும். கள்ள அச்சுக்காரன் முதலில் கைவைப்பதும் உறையில்தான். இங்கிலாந்தில் பங்க் அலைக்குப் பின் எழுந்த ஜோய் டிவிஷன் குழுவின் கதையைக் கேளுங்கள். 1978 ஜூனில் தங்கள் சொந்தச் செலவில் 'அன் ஐடியல் ஃபோர் லிவிங்' என்ற ஏழு அங்குலத் தட்டை 1000 பிரதி போட்டார்கள். சிறிய தட்டில் நான்கு பாட்டை நெருக்கியதால் சத்தம் மங்கிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வேறு உறையோடு பன்னிரண்டு அங்குலத்தில் 1200 பிரதி போட்டார்கள். பிற்காலத்தில் அதன் விலை ஏறியதும் கள்ளப் பிரதிகள் வந்தன. உறையைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், வளையத்தின் கீறலைப் படித்தவர்கள் தப்பினார்கள்.

உறையில் படம் மங்கலாக, எழுத்தின் விளிம்பு கூர்மையில்லாமல் இருந்தால் பழைய உறையை ஸ்கேன் பண்ணி அச்சடித்தது என்று சந்தேகப்படுங்கள்.

7. தட்டு நம் ஊருக்கு வந்த வழியைத் தேடுங்கள்.

லேபலிலும் உறையிலும் இருக்கும் கடை முத்திரை, பெயின்ரால் எழுதிய பெயரின் முதலெழுத்து, பென்சில் இலக்கம் எல்லாம் சாட்சிகள். துடைத்து அழித்துவிடாதீர்கள். கலியாண வீட்டுக்கும் சுன்னத்து வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர்கள் தங்கள் தட்டுகளில் அடையாளம் போட்டு வைத்தார்கள். அந்தத் தட்டுகளில் பாட்டுக் கோடுகள் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருக்கும். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்தில் எந்தப் பாட்டு அதிகம் ஓடியது என்பதற்கு அந்தத் தேய்மானமே கணக்கு.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. 1977-இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் கேசட் பெருகித் தட்டை ஓரங்கட்டியது. இந்த இரண்டு திருப்பங்களையும் நினைவில் வைத்தால் ஒரு தட்டு எப்போது இங்கே வந்திருக்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். வானொலி நிலையம், நூலகம் போன்றவற்றின் முத்திரை இருந்தால், அது எப்படி வெளியே வந்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

8. உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்.

நம் கரையில் ஈரமும் உப்பும் பூஞ்சணமும் ஓயாது. 2004 டிசம்பர் 26-இல் கடல் வீடுகளுக்குள் புகுந்தபோது பல அலுமாரிகள் தட்டுகளோடு நனைந்தன. அப்படி நனைந்த தட்டில் உறை இல்லை, லேபல் கரைந்துவிட்டது. ஆனால் வளையத்தில் பதிந்த எண் அப்படியே இருக்கிறது. லேபல் இல்லை என்று தட்டை வீசாதீர்கள். எண்ணைக் கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்கலாம்.

கழுவும்போது ஸ்பிரிட், மதுசாரம் எதையும் 78 சுற்றுத் தட்டில் தொடவிடாதீர்கள், அரக்கைக் கரைத்துவிடும். சுத்தமான தண்ணீரில் மென்மையான சவர்க்காரத் திரவம் ஒரு துளி விட்டு, மெல்லிய துணியால் கோடு போகும் திசையிலேயே துடையுங்கள். லேபல் நனையக் கூடாது. ஊறப்போட வேண்டாம். நிழலில் காயவிட்டு, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும்.

9. சரியான ஊசியைப் போடுங்கள்.

78 சுற்றுத் தட்டின் கோடு அகலம், வினைல் தட்டின் கோடு ஒடுக்கம். ஒன்றின் ஊசியை மற்றதில் போட்டால் பாட்டும் கெடும், தட்டும் கெடும். பழைய கிராமபோன் பெட்டியின் இரும்பு ஊசியை வினைல் தட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். சரியான ஊசி இல்லாத நாளில் தட்டைப் படியுங்கள், ஓடவிடாதீர்கள்.

10. 'முதல் பதிப்பு' என்று சொல்லுமுன் நான்கும் ஒத்துப்போகட்டும்.

வளையம், லேபல், காது, உறை. நான்கும் ஒரே கதையைச் சொன்னால் துணிந்து சொல்லுங்கள். இரண்டுதான் ஒத்தால், "இதுவரை தெரிந்தது இவ்வளவு" என்று சொல்லுங்கள். விற்கும்போது இது இன்னும் முக்கியம். சாமானின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்று நம் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. கீறலைக் காட்டுங்கள், மறு அச்சு என்றால் மறு அச்சு என்றே சொல்லி விலை பேசுங்கள். தட்டின் மதிப்புத் தெரியாத ஒரு மூத்தம்மாவிடம் நூறு ரூபாவுக்கு வாங்கி ஆயிரக்கணக்கில் விற்கும் பழக்கம் நம்மிடம் வேண்டாம்.

11. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

பாடகர், பாட்டு, லேபல், லேபல் எண், இரண்டு பக்கத்தின் ஆலை எண், நீளம், நிலைமை, யாரிடமிருந்து எந்த ஊரில் கிடைத்தது, எந்த நாளில். கொடுத்தவர் அந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னதையும் எழுதுங்கள். நாகூர் ஹனிபா, காயல் ஷேக் முகம்மது போன்றோரின் தட்டுகள் எத்தனை வடிவத்தில் வந்தன என்ற முழுப் பட்டியலைக் கம்பெனி யாரும் நம் கையில் கொண்டுவந்து தரப் போவதில்லை. நாகூர் ஹனிபா இஸ்லாமியப் பாட்டுகளோடு தி.மு.க. மேடைப் பாட்டுகளும் நிறையப் பாடியவர். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், அப்போதுதான் பட்டியல் நேர்மையாகும்.

12. சேர்த்ததைப் பூட்டி வைக்காதீர்கள்.

பாட்டைக் கணினியில் பதிந்து, வளையத்தின் படத்தையும் லேபலின் படத்தையும் அதோடு வையுங்கள். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களைச் சேர்த்து வரும் நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள். ஒலுவிலில் நமக்கென்று ஒரு தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் கொப்பியின் பிரதி ஒன்று அங்கே போய்ச் சேரட்டும். கடல் மறுபடி வந்தாலும் ஓர் ஊரின் பிரதி போனால் இன்னோர் ஊரின் பிரதி மிஞ்ச வேண்டும்.

இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு டோர்ச், ஒரு கொப்பி, அவசரப்படாத கண் போதும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் வீட்டில் உள்ள ஒரு தட்டை எடுத்து, அதன் வளையத்தில் உள்ளதைப் படித்து எழுதுங்கள். அந்த ஒரு வரியிலிருந்து நம் கரையின் பட்டியல் தொடங்கட்டும்.