சேலம் – சென்னை: 265 கிலோமீட்டருக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?

இறுதியாண்டு வந்துட்டா சென்னைக்கு நேர்காணல் போறது வாடிக்கை. "சேலத்துல ஃபிளைட் ஏறுனா ஒரு மணி நேரம்தான்"னு யாராவது சொல்வாங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முதலில் தூரம். சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது: அட்சரேகை 11.78, தீர்க்கரேகை 78.06. சென்னை மீனம்பாக்கம்: 12.99, 80.17. ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கி.மீ. எனவே வடக்கே 1.21 × 111 = 134 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், அதைக் கொசைன் 12.4 (0.977) ஆல் பெருக்க வேண்டும். கிழக்கே 2.11 × 111 × 0.977 = 229 கி.மீ. இனி நம்ம பிதாகரஸ்தான். விடை 265 கி.மீ. சாலையில் போனால் 340 கி.மீ. பக்கம் வரும்.

அடுத்தது நேரம். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. 265ஐ 500 ஆல் வகுத்தால் 32 நிமிடம். ஆனா அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். ஏன்? அட்டவணை நேரம் விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, சென்னையில் போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறும்போது குறையும் வேகம், இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தூரம் குறைந்தாலும் இந்த அரை மணி நேரம் குறையாது. சென்னை – சிங்கப்பூர் 2,900 கி.மீ. பயணத்தில் அதே அரை மணி பெரிதாகத் தெரியாது. இங்கே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இப்போ குமாரபாளையத்திலிருந்து கணக்கிடுவோம். காமலாபுரம் போக ஒன்றரை மணி, அங்கே முன்கூட்டியே இருக்க ஒன்றரை மணி, பயணம் ஒரு மணி, வெளியே வர அரை மணி. மொத்தம் நாலரை. பள்ளிபாளையம் வழியா ஈரோடு ஜங்ஷன் போய் வந்தே பாரத் பிடித்தால், சென்ட்ரல் வரை ஏறக்குறைய ஆறு மணி. ஆக, மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான்!

கிண்டி, பல்லாவரம் பக்கம் நேர்காணல் என்றால் இந்த மிச்சம் உங்க கையில் நிற்கும். சென்ட்ரல் பக்கம் என்றால் மீனம்பாக்கத்திலிருந்து போகும் நேரத்தில் பாதி கரைந்துவிடும். நேர்காணல் காலை பத்து மணிக்கா? அப்போ இரண்டுமே வேண்டாம், முந்தின நாள் ராத்திரி ரயில்தான் சரி.

அடுத்த முறை யாராவது "ஒரு மணி நேரம்தான்"னு சொன்னா, எங்கிருந்து எதுவரைன்னு கேளுங்க. அதான் பொறியாளருக்கு அழகு!