பாடம் 11: வெறுங்கை

குழந்தைகளே, உங்களில் எத்தனை பேர் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும், அம்மா கொடுத்த இட்லியைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு, நேராகக் கராத்தே வகுப்புக்கு ஓடுகிறீர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம்! எங்கள் பள்ளியில் கேட்டபோது பாதி வகுப்பு கையைத் தூக்கியது. அதனால்தான் இந்தப் பாடம்.

"கராத்தே" ஒரு ஜப்பானியச் சொல். "கரா" என்றால் வெறுமை. "தே" என்றால் கை. இரண்டையும் சேர்த்தால் வெறுங்கை. நம்ம சிலம்பத்துக்குக் கம்பு வேண்டும். கராத்தேக்கு உங்கள் கையும் காலும் போதும்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு முன்பு வேறு பொருள் இருந்தது தெரியுமா? கராத்தே பிறந்த இடம் ஒகினாவா. அது இன்று ஜப்பானின் தெற்கில் உள்ள தீவு. முன்பு அது ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது. சீனாவோடு கப்பல் வணிகம் செய்தது. சீனச் சண்டைக் கலையும் தீவு மக்களின் கலையும் கலந்துதான் கராத்தே வந்தது. அதனால் அந்தக் காலத்தில் "சீனக் கை" என்ற பொருள் தரும் எழுத்தால் அதை எழுதினார்கள். 1936-ல் நாஹா நகரில் கராத்தே ஆசிரியர்கள் கூடிப் பேசி, "வெறுங்கை" என்று எழுதலாம் என முடிவு செய்தார்கள். ஒலி மாறவில்லை, பொருள் மட்டும் மாறியது. தமிழில் "படி" என்று சொன்னால் புத்தகமும் படிக்கலாம், மாடிப் படியிலும் ஏறலாம் இல்லையா? அது மாதிரிதான்.

ஒகினாவாவில் கிச்சின் ஃபுனகோஷி என்று ஒருவர் இருந்தார் (1868–1957). அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1922-ல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தே செய்து காட்டினார். பிறகு அங்கேயே தங்கிச் சொல்லிக் கொடுத்தார். ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ அவருக்கு உதவினார். உங்கள் இடுப்பில் இருக்கிற பெல்ட் முறைகூட ஜூடோவிலிருந்து வந்ததுதான். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேயும் ஒரு விளையாட்டாக இருந்தது. ஆண்கள் கட்டா போட்டியில் தங்கம் வென்றவர் ரியோ கியூனா. அவர் எந்த ஊர்? ஒகினாவாவேதான்!

சரி, இப்போது டோஜோவுக்குள் போவோம். கராத்தே பழகும் இடத்துக்கு டோஜோ என்று பெயர். எங்கள் டோஜோ ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே கூடைப்பந்து, சனிக்கிழமை கராத்தே. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். இது நமக்குப் புதுசா என்ன? நம்ம வீட்டிலும் அப்படித்தானே! ஆனால் கழற்றி எறியக்கூடாது. ஜோடியாக, வரிசையாக வைக்க வேண்டும். (இதை வீட்டிலும் செய்தால் அம்மா மயங்கி விழுந்துவிடுவார்.) உள்ளே போகும்போது தலை குனிந்து வணங்க வேண்டும். அதற்கு "ரேய்" என்று பெயர்.

ஆசிரியரை "சென்சே" என்று கூப்பிடுவோம். இந்தச் சொல்லை அப்படியே தமிழில் சொன்னால் "முன்னே பிறந்தவர்" என்று வரும். நமக்குப் பிடித்த பொருள், இல்லையா? நாமும் முன்னே பிறந்தவரை அண்ணா, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம். ஆனால் டோஜோவில் வரிசையில் நிற்கும்போது வயதைப் பார்ப்பதில்லை. பெல்ட்டைத்தான் பார்ப்பார்கள். நமக்கு முன்பே பழகி, மேல் பெல்ட்டில் இருப்பவர் "சென்பாய்". அவருக்கு ஏழு வயதாக இருந்தாலும் சரி.

இதில்தான் எங்கள் டோஜோவில் ஒரு சிக்கல் வந்தது.

ஒரு அப்பா ஐந்து வருடமாகத் தன் மகளை வகுப்புக்குக் கூட்டி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் திடீரென்று வெள்ளை உடையும் வெள்ளை பெல்ட்டுமாக வந்து நின்றார். மகளுக்குப் பதினொரு வயது, பிரவுன் பெல்ட். அவள் வரிசையின் ஒரு கோடியில், அப்பா மறு கோடியில். சென்சே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "முதல் கட்டாவை நீதான் இவருக்குச் சொல்லித் தரணும்" என்றார்.

முதல் கட்டாவின் பெயர் ஹெயான் ஷோடான். அதில் 21 அசைவுகள். இடது பக்கம் திரும்பிக் கையால் தடுப்பதுதான் முதல் அசைவு. கவனியுங்கள், முதலில் வருவது தடுப்பு, அடி இல்லை! சரியாகச் செய்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்போம். கணினி நிரல் எழுதுகிற எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நடுவில் எங்கோ ஒரு அடி தப்பினால், அது கடைசியில் நிற்கிற இடத்தில் தெரிந்துவிடும்.

அந்த அப்பா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். பின்வரிசைச் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பாவிடம் எப்படித் தப்பு என்று சொல்வது?" என்று வாயைத் திறக்காமல் நின்றாள். அன்று வகுப்பைப் பார்க்கப் பாட்டியும் வந்திருந்தார். "அப்பன் மகளுக்குக் குனிஞ்சு கும்பிடறதா? நல்லா இருக்கு உங்க வகுப்பு!" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

சென்சே அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்: "அவர் இப்படியே தேர்வுக்குப் போகட்டுமா?"

அவள் யோசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "அப்பா, இடது காலை முன்னாடி வைங்க. முழங்காலை மடக்குங்க. தோளை இறக்குங்க."

"வை" இல்லை, "வைங்க". "மடக்கு" இல்லை, "மடக்குங்க". பார்த்தீர்களா? கட்டளைதான், ஆனால் அதற்குள்ளேயே மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் இந்த "ங்க"வுக்கு எங்கே போவது?

அப்பா, "சரி, சென்பாய்" என்று சொல்லிக் குனிந்தார். மகளும் குனிந்தாள். அப்பாவைவிட அவள்தான் அதிகமாகக் குனிந்தாள். பாட்டி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவும் இல்லை!

முதல் தேர்வில் அப்பா தேறவில்லை. அதே தேர்வில் ஒரு ஏழு வயதுப் பையன் மஞ்சள் பெல்ட் வாங்கினான். அடுத்த வாரம் அப்பா வரிசையில் ஓர் இடம் தள்ளி, அந்தப் பையனுக்குக் கீழே நின்றார். மகள் காரில் அழுதாள். தான் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று நினைத்தாள். இப்போது அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சோபாவை நகர்த்துகிறார்களாம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 21 வரை எண்ணுகிறார், தமிழில்.

உங்களில் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "பள்ளியில் யாராவது என்னைத் தள்ளினா, நான் அடிக்கலாமா?" டோஜோவில் வகுப்பு முடியும்போது மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி அமைதியாக இருப்போம். பல டோஜோக்களில் அதன் பிறகு ஐந்து உறுதிமொழிகளைச் சேர்ந்து சொல்வார்கள். முரட்டுத்தனம் செய்ய மாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. அதற்காகச் சும்மா நிற்கச் சொல்லவில்லை. "நிறுத்து!" என்று வயிற்றிலிருந்து சத்தமாகச் சொல்லுங்கள். கராத்தேயில் "கியாய்" என்று கத்தப் பழகினீர்களே, அந்தக் குரலில்! பிறகு விலகிப் போய்ப் பெரியவரிடம் சொல்லுங்கள். போக வழியே இல்லை என்றால் மட்டும் கை. இது என் கருத்து. உங்கள் சென்சேயிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஜோடியாகப் பழகும்போது குத்து எதிரே நிற்பவர் முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் உங்களை நம்பித்தான் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறார். முடிந்ததும் இருவரும் ரேய். பிறகு யார் தரையைத் துடைப்பது? பிரவுன் பெல்ட்டும் துடைக்கும், வெள்ளை பெல்ட்டும் துடைக்கும்.

சொல் அறிவோம்
கோடி – ஓரம், முனை (நூறு இலட்சம் என்றும் பொருள்)
தேறுதல் – தேர்வில் வெற்றி பெறுதல்
உறுதிமொழி – "இப்படி நடப்பேன்" என்று சொல்லும் சொல்

பேசுவோம், எழுதுவோம்
1. மரியாதையாக மாற்றுங்கள்: நில், திரும்பு, உட்கார், கையை நீட்டு.
2. பாட்டி ஏன் கோபப்பட்டார்? அவர் சொன்னது சரியா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசுங்கள்.
3. உங்களுக்குத் தெரிந்த, வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்றை இந்த வாரம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். என்னென்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எட்டு வரி எழுதி வாருங்கள்.