காசில் ஓர் எழுத்துப் பிழை

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? செல்லுமா, செல்லாதா என்று பார்க்கிறோம். செல்லாது என்றால் ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறோம். சிலர் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதில் உள்ள எழுத்தைப் படிக்கிறார்கள். இவர்கள்தாம் நாணயம் சேகரிப்பவர்கள். இவர்கள் விரும்பித் தேடுபவற்றில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் காசுகளும் உண்டு.

பிலிப்பைன்ஸ், நமக்குக் கிழக்கே கடலில் உள்ள தீவு நாடு. தலைநகர் மணிலா. அந்த நாட்டை ஸ்பெயின் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. 1898-க்குப் பிறகு அமெரிக்கா ஆண்டது. 1946-இல் விடுதலை கிடைத்தது. அங்கே பணத்தின் பெயர் பெசோ.

ஸ்பெயின் ஆண்ட காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தென் அமெரிக்காவில் பல நாடுகள் ஸ்பெயினை எதிர்த்து விடுதலை பெற்றன. அந்த நாடுகளின் வெள்ளிக் காசுகள் வணிகர் வழியாக மணிலாவுக்கும் வந்தன. காசில் புதிய நாட்டின் பெயரும் வாசகமும் இருந்தன. மக்கள் அதைப் படித்தால் என்ன ஆகும்? அதிகாரிகளுக்குப் பயம் வந்தது. வெள்ளி வேண்டும், எழுத்து வேண்டாம்! அதனால் 1828-இல் அந்தக் காசுகளின் மேலேயே வேறு அச்சைக் குத்தினார்கள். 'மணிலா 1828' என்று பதித்தார்கள். ஆனாலும் சில காசுகளில் பழைய எழுத்து அடியில் தெரிகிறது.

அமெரிக்கர் ஆட்சியில் 1903-இல் புதுக் காசு வந்தது. ஒரு பக்கம் அமெரிக்காவின் பெயர், கழுகு, கேடயம். மறுபக்கத்தை வரைந்தவர் மெலெசியோ பிகெரோவா என்ற பிலிப்பைன்ஸ்காரர். அவர் அரசரையோ தலைவரையோ வரையவில்லை. வெள்ளிக் காசில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் கையில் சுத்தியல். பக்கத்தில் பட்டறைக்கல். சிறிய காசுகளில் ஓர் ஆண் பட்டறைக்கல் அருகே உட்கார்ந்திருக்கிறான். பின்னால் மாயோன் எரிமலை புகைகிறது. அயலார் ஆண்ட காலத்திலும் காசின் ஒரு பக்கத்தில் உள்ளூர் உழைப்பாளி இடம் பிடித்துவிட்டார்.

1942-இல் ஜப்பான் படை நெருங்கியது. வெள்ளிப் பெசோக்கள் எதிரி கையில் சிக்கக் கூடாது. ஆகவே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட காசுகளைப் பெட்டி பெட்டியாக மணிலா விரிகுடாவில் போட்டார்கள். போர் முடிந்த பின் பெரும் பகுதியை எடுத்தார்கள். உப்பு நீரில் கிடந்த காசுகள் கறுத்துப் போயிருந்தன. சேகரிப்பவர்கள் இந்தக் கறுப்பைப் பார்த்தே கடலில் கிடந்த காசு என்று சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. காசைத் தேய்த்தால் கோடு விழும், விலை குறையும்.

விடுதலைக்குப் பின் வந்த காசுகளின் வடிவமும் புதுமை. 1975-இல் ஒரு சென்டிமோ சதுரமாக வந்தது. ஐந்து சென்டிமோ பூப்போல நெளிவாக வந்தது. நம் பழைய ஐந்து பைசா, பத்துப் பைசா நினைவுக்கு வருகிறதா?

1983-இல் வந்த காசுகளில் சங்கு, பூ, மீன், வண்ணத்துப்பூச்சி, கழுகு எல்லாம் இருந்தன. பத்து சென்டிமோவில் உள்ள மீன் உலகின் மிகச் சிறிய மீன்களுள் ஒன்று. ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். அதன் அறிவியல் பெயரைக் காசில் பொறித்தார்கள். சில காசுகளில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது! ஐம்பது சென்டிமோவில் கழுகின் பெயரிலும் ஓர் எழுத்து மாறிவிட்டது. பிறகு திருத்தினார்கள். அதற்குள் தவறான காசுகள் ஊரெல்லாம் போய்விட்டன. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தாம் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் சரியான காசு ஒன்றும் தவறான காசு ஒன்றும் தேடி வைக்கிறார்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டில் உள்ள ஐந்து காசுகளை எடுங்கள். ஆண்டைப் படியுங்கள். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லை என்றால் கொல்கத்தா. உங்கள் காசு எந்த ஊரிலிருந்து வந்தது? நோட்டில் எழுதுங்கள்.