வழுக்கைக்கு மருந்து உண்டா?

"தொப்பி போட்டுப் போட்டே முடி போயிற்று" என்பார் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒருவர். "இல்லை, போர் தண்ணீர்தான் காரணம்" என்பார் அவருடைய அண்டை வீட்டுக்காரர். நெய்வேலி நகரியத்திலோ, வளையமாதேவியிலோ வாழும் மாணவர்கள் இத்தகைய பேச்சைக் கேட்டிருக்கக்கூடும். இது உண்மையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வழுக்கை விழுந்த ஆண்களின் தலையைக் கவனியுங்கள். முன்நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் முடி இராது. காதுகளுக்கு மேலும் பிடரியிலும் முடி அப்படியே இருக்கும். சுரங்கத் தலைக்கவசத்தின் உட்பட்டையோ பிடரியையும் சேர்த்துத்தான் சுற்றி அழுத்துகிறது. தண்ணீரும் தலை முழுவதும்தான் படுகிறது. அதே தண்ணீரில் குளிக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் இவ்வாறு வழுக்கை விழவில்லையே! ஆகவே காரணம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது.

முடியின் வாழ்க்கை

நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலிலிருந்து முளைக்கிறது; மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வீதம் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது. பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வெடுத்து உதிர்கிறது. அதே இடத்தில் புது முடி முளைக்கும். எனவே நாள்தோறும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. சீப்பில் நாலு முடி வந்தால் பயப்பட வேண்டாம்.

வழுக்கையில் நிகழ்வது வேறு. மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகிறது. வளரும் காலமும் குறைகிறது. தடித்த முடி மெலிந்து, பூனைமயிர் போலாகி, முடிவில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

ஹார்மோன் செய்யும் வேலை

1942 இல் அமெரிக்க உடற்கூறு அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் ஓர் உண்மையை வெளியிட்டார். பருவம் எய்துமுன் விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. ஆனால் அவர்களுள் வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தால் வழுக்கை தோன்றுகிறது! ஆக, பரம்பரை, ஹார்மோன் இரண்டும் சேர வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. மயிர்க்காலைச் சிறுக்கச் செய்வது இதுவே. இந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலரைப் பற்றி 1974 இல் டொமினிகன் குடியரசிலிருந்து ஆய்வு வெளிவந்தது. அந்த ஆண்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை. புராஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. நொதியைத் தடுக்கும் மருந்தைத் தேட இதுவே வழிகாட்டியது.

இரண்டு மருந்துகள்

அவ்வாறு பிறந்ததே ஃபினாஸ்டிரைடு மாத்திரை. அமெரிக்காவில் 1992 இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997 இல் வழுக்கைக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது.

மற்றொன்று மினாக்சிடில். முதலில் இது இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதை உண்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி வளரவே, ஆராய்ச்சியாளர்கள் அதைத் தலையில் பூசும் திரவமாக்கினர். 1988 இல் அனுமதி கிடைத்தது. ஒருவருக்குப் பக்க விளைவாக இருந்தது மற்றொருவருக்கு மருந்தாயிற்று!

இரண்டுமே பலன் தர 3 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். முற்றிலும் வழுவழுப்பான இடத்தில் இவை அதிகம் உதவா.

பக்க விளைவுகளை எப்படிச் சமாளிப்பது?

மினாக்சிடில் பூசத் தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். ஓய்விலுள்ள பழைய முடியைப் புது முடி வெளியே தள்ளுவதே காரணம்; சில வாரங்களில் நின்றுவிடும். அரிப்பு ஏற்பட்டால், திரவத்தில் சேர்க்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம். அது சேராத நுரை வடிவத்துக்கு மருத்துவர் மாற்றுவார். முகத்தில் வழியாமல் பூசிக் கையைக் கழுவ வேண்டும். படபடப்பு, தலைசுற்றல், நெஞ்சுவலி, கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் எச்சரிக்கை! இம்மருந்து பூனைக்கு நஞ்சு.

ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுறவு நாட்டத்தையும் திறனையும் குறைக்கிறது. சோதனைகளில் மருந்து உண்டோரில் 100 க்கு ஏறத்தாழ 4 பேர் இவ்வாறு கூறினர். மருந்தில்லாத போலி மாத்திரை உண்டோரிலும் 2 பேர் அப்படியே கூறினர். எனவே மருந்தால் வந்தது 100 க்குச் சுமார் 2 தான். கழித்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பலாகாது. ஆயினும் அந்த இருவருக்கு அது மெய்யான துன்பம். நிறுத்திய பின்னும் குறை நீடித்ததாகச் சிலர் தெரிவித்துள்ளனர். தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுகளுள் ஒன்று என 2025 இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது. மனச்சோர்வு தோன்றினால் மறைக்காமல் மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவிலுள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியை இது பாதிக்கும். ஆதலால் உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடக்கூடாது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு இந்த மாத்திரை உரியதன்று.

முடி நடுதல்

பிடரி மயிர்க்காலை உச்சியில் நட்டாலும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. 1959 இல் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் இதை விளக்கினார். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நடுவது போலத்தான். நாற்றின் எண்ணிக்கை கூடாது, இடம்தான் மாறும்.

ஆனால் இது அறுவைச் சிகிச்சை, முடிதிருத்தும் வேலையன்று. 2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர், சிகிச்சையை அடுத்து உடல்நிலை மோசமாகி இறந்தார். பயிலரங்கில் பார்த்ததும் காணொளியில் கண்டதும் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அறிவித்தது. செய்பவர் பதிவுபெற்ற, பயிற்சி பெற்ற மருத்துவரா, அவசர சிகிச்சைக்கு வசதி உண்டா என்று கேட்டறிவது நம் உரிமை.

நீங்கள் செய்ய வேண்டியது

கடும் காய்ச்சல் கண்டு 2, 3 மாதம் கழித்து முடி கொட்டுவதும், வட்டமாகக் கொட்டும் புழுவெட்டும், இரும்புச் சத்துக் குறைவால் கொட்டுவதும் வேறு நோய்கள். இவற்றுக்குச் சிகிச்சையும் வேறு. எனவே முதலில் தோல் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிய வேண்டும், மருந்து பிறகுதான். "முப்பதே நாளில் முடி" என்னும் விளம்பரத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். வழுக்கையைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது.

மருந்தே வேண்டாம் என்பதும் ஒரு நல்ல தேர்வுதான். வழுக்கையால் உயிருக்கு ஆபத்தில்லை. அதைச் சொல்லி ஒருவரைக் கேலி செய்வதுதான் அவர் மனத்தைப் புண்படுத்தி, அவசர முடிவுக்குத் தள்ளுகிறது. அதை நிறுத்த மருத்துவர் தேவையில்லை, நீங்களே போதும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. வழுக்கையுள்ள ஒருவரின் பிடரியில் முடி நிலைத்திருப்பது எதை உணர்த்துகிறது?
2. ஒரு மருந்தை உண்ட 100 பேரில் 10 பேருக்குத் தலைவலி. போலி மாத்திரை உண்ட 100 பேரில் 9 பேருக்குத் தலைவலி. மருந்தால் வந்தது எத்தனை பேருக்கு?