புத்தகமும் பதற்றமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

நிறையப் படித்தால் அச்சம் அகன்றுவிடும் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது முழு உண்மைதானா? என் அனுபவத்தைக் கொண்டே இதனை ஆராய முற்படுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அம்மா களையெடுக்கப் போகிறார். ஊரில் எதிர்ப்படுவோரெல்லாம், "என்ன தம்பி, படிப்பு எப்போ முடியும்?" என்று கேட்பார்கள். அன்பான கேள்விதான், ஆயினும் அது என் நெஞ்சில் கல்லாக விழும்.

முதல் பருவச் செய்முறைத் தேர்வில் பியூரெட்டைத் திறந்தபோது என் கை நடுங்கியது. வெளிர் இளஞ்சிவப்பு தோன்றியதும் நிறுத்த வேண்டிய பெர்மாங்கனேட் கரைசல், குடுவையைக் கருஞ்சிவப்பாக்கிவிட்டது. மூன்று முறையும் அப்படியே! எழுத்துத் தேர்வுகளிலும் இரண்டு தாள்கள் போயின. வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

நான் ஒளிந்த இடம்

அந்த நாட்களில் நான் ஒளிந்துகொண்ட இடம் எது தெரியுமா? எங்கள் ஊர்க் கிளை நூலகம்! சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் போன்றோரின் உழைப்பால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பயனை அனுபவிக்கும் நானோ அங்கே நாவல்களுக்குள் புதைந்து கிடந்தேன். "எவ்வளவு படிக்கிற பிள்ளை!" என்று கண்டவர் வியந்தனர்.

பிறகு முன்னேற்ற நூல்களைப் பிடித்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுக என்றது ஒன்று. மூன்று நாள் எழுந்தேன். நான்காம் நாள் தூங்கிவிட்டேன். அன்று முழுவதும் என்னையே வெறுத்தேன். பதற்றம் குறையவில்லை; குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

ஒரு மாலை நூலகர் ஐயா சொன்னார்: "தம்பி, எத்தனையோ கதை படிக்கிறே. உன் பாடப் புத்தகத்தை மட்டும் உன் கையிலே நான் பார்த்ததே இல்லையே!" அவர் எடுத்துத் தந்த உளவியல் நூலில்தான் என் நோயின் பெயரைக் கண்டேன்.

அச்சத்தின் அறிவியல்

ஆபத்தை எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடல் ஆயத்தமாவதை வால்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் விளக்கினார். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன; இதயம் விரைகிறது; கை நடுங்குகிறது. ஆகவே நடுக்கம் கோழைத்தனமன்று. அதுவும் ஒருவகை வேதியியலே!

1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். கடினமான பயிற்சியில், மிக மெல்லிய மின் அதிர்ச்சியும் பயன்படவில்லை. மிகக் கடுமையானதும் பயன்படவில்லை. இடைப்பட்டதே கற்றலுக்கு உதவியது. எனவே பதற்றத்தை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை; அளவில் வைத்தால் போதும்.

மற்றோர் உண்மையும் புரிந்தது. அஞ்சும் பொருளை விட்டு விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே மறுபடியும் விலகக் கற்றுக்கொடுக்கிறது. நாவல்கள் எனக்குச் செய்தது இதுதான். குற்றம் நாவலில் இல்லை. நான் அதைப் பிடித்த நேரத்தில் இருந்தது.

கைக்கொண்ட வழிகள்

தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் கவலைகளை எழுதிய பதற்றமுள்ள மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகத் தேர்வெழுதியதாக இராமிரெஸ், பீலாக் ஆகியோர் 2011-இல் வெளியிட்டனர். நானும் எழுதிப் பார்த்தேன். தாளில் முதலில் வந்தது தேர்வன்று, "அப்பாவுக்குத் தெரிந்தால்?" என்பதே. அன்றிரவே அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "சூளையிலே வச்ச கல்லு அத்தனையுமா வெந்து வருது? வேகாததை அடுத்த சூளையிலே அடுக்குறதில்லையா? போய்ச் சாப்பிடு" என்றார். எத்தனையோ நூல்கள் தராத துணிவை அந்தச் சொல் தந்தது.

அடுத்தது, படித்த முறையை மாற்றினேன். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோரைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர் என ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் காட்டினர். நான் ஒரு பகுதியைப் படித்ததும் நூலை மூடிவிட்டு எழுதுகிறேன். விட்டுப்போனவற்றை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

கதைகளையும் கைவிடவில்லை. பாடம் முடிந்தபின் இரவில் படிக்கிறேன். முன்பு ஒளிந்துகொள்ளப் படித்தேன். இப்போது இளைப்பாறப் படிக்கிறேன்.

பலன் என்ன? ஒரு தாளில் தேறினேன். மற்றொன்று இன்னும் பாக்கி. ஆய்வகத்தில் கை இன்னும் சற்று நடுங்குகிறது. ஆனால் மூச்சை மெதுவாக விட்டு, துளித்துளியாக விட்டுப் பார்க்கிறேன். சென்ற வாரம் வெளிர் இளஞ்சிவப்பிலேயே நிறுத்திவிட்டேன்!

நண்பர்களே, தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் பதற்றம் நீடித்தால் நூல் மட்டும் போதாது, மருத்துவரை நாடுங்கள். 2022-இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 உண்டு. மற்றபடி, நூலகத்துக்குச் செல்லுங்கள். ஆனால் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்!